இரண்டு முழங்கால், இரண்டு ஒப்பரேஷன்: கல்லடியில் ஒரு பிசியோ அறை

எனக்கு இரண்டு முழங்கால் மூட்டும் மாற்றியாயிற்று. வலது 2021இல், இடது 2024 மாசியில். வலது காலுக்கு ஒப்பரேஷன் முடிந்து, கால் இறுகிப் போன பிறகுதான் பிசியோதெரபி. இடது காலுக்கு ஒப்பரேஷனுக்கு எட்டுக் கிழமை முன்னமே பிசியோதெரபி. இரண்டும் ஒரே உடம்பில் நடந்தவை என்பதால் வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும். முழங்கால் மாற்றத் திகதி எடுத்துவிட்டு வீட்டில் பயந்துகொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வயது 63. ஆரம்பப் பிரிவில் 34 வருடம் படிப்பித்தேன், முக்கால்வாசியும் நின்றபடி. சீனி வருத்தமும் இருக்கிறது. வீட்டில் நானும் என் கணவரும் மட்டும். அவருக்கு நாரி நோவு, என்னைத் தூக்கிப் பிடிக்க ஏலாது. மகள் கொழும்பில். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், ஒப்பரேஷனுக்குப் பிறகு ஒருவர் எவ்வளவு கெதியாகத் தன் அலுவலைத் தானே பார்க்கிறார் என்பது எங்களைப் போன்ற வீடுகளுக்குப் பெரிய விஷயம்.

முதலில் வலது காலின் கதை. ஒப்பரேஷன் நன்றாகத்தான் நடந்தது, டொக்டரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொரோனாக் காலம். வாட்டில் எல்லோருக்கும் அவசரம். முன்னால் என்ன செய்ய வேண்டும், பின்னால் என்ன செய்யக் கூடாது என்று ஒருவரும் இருத்தி வைத்துச் சொல்லவில்லை. “நடவுங்க அம்மா, நடந்தாச் சரி வரும்” என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் காலுக்கு இதமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்தேன். நோவு குறைந்தது, நித்திரையும் வந்தது. மூன்று கிழமை அப்படியே படுத்தேன். அந்த மூன்று கிழமையில் கால் மடங்கியபடியே இறுகிவிட்டது. நிமிர்ந்து நின்றால் வலது குதிக்கால் நிலத்தில் சரியாகப் படாது.

பிறகு ஒரு இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். கட்டிலில் படுக்க வைப்பார்கள், சிவப்பு விளக்கால் சூடு பிடிப்பார்கள், பிறகு கரண்ட் பட்டை ஒட்டி இருபது நிமிடம் விடுவார்கள். “சரி அம்மா, நாளைக்கு வாங்க.” ஒரு தடவைக்கு 1,200 ரூபா. இருபது நாள் போனேன். அந்த இருபது நாளிலும் ஒருவரும் என்னைக் கட்டிலை விட்டு எழும்பச் சொல்லவில்லை.

அதனால் 2023 கார்த்திகையில் இடது காலையும் மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது எனக்குக் கண்ணால் தண்ணி வந்தது. கத்திக்குப் பயமில்லை, அதற்குப் பிறகு வரும் மாதங்களுக்குத்தான் பயம். ஏறாவூரில் இருக்கும் என் கூட்டாளி டீச்சர் ஒருவர்தான், “கல்லடியில ஒரு புள்ள இருக்கா. ஒப்பரேஷனுக்கு முன்னமே கூப்பிட்டுப் பயிற்சி குடுக்கிறா. போய்ப் பாருங்ககா” என்றார்.

அது மட்டக்களப்புக் கல்லடியில், கடற்கரைப் பக்கம் போகும் ஒரு ஒழுங்கையில், வீட்டோடு சேர்ந்த முன்னறை. இரண்டு கட்டில், கைபிடிக்க இரண்டு இரும்புக் கம்பி, மரத்தில் அடித்த நான்கு படி, சுவரில் ஒரு பெரிய கண்ணாடி, கைப்பிடி உள்ளதும் இல்லாததுமாக இரண்டு கதிரை. மின்சாரப் பெட்டி ஒன்று மூலையில் துணி மூடிக் கிடந்தது. நடத்துபவர் முப்பது வயதுக்குள் ஒரு பெண். பேராதனையில் நான்கு வருடம் படித்துப் பட்டம் எடுத்தவர். இலங்கை மருத்துவ சபையில் பதிந்த சான்றிதழை வாசலில் மாட்டியிருக்கிறார். எங்கே போனாலும் இந்தப் பதிவைக் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறவரிடம் போக வேண்டாம். நான் அவரை “மிஸ்” என்பேன், அவர் என்னை “டீச்சர்” என்பார்.

முதல் நாள் ஒரு மணித்தியாலம் எடுத்தார். கட்டிலில் படுக்க வைப்பதற்கு முன் நடக்க வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கருவியை எடுத்தார். கணிதப் பெட்டிப் பாகைமானிக்கு இரண்டு நீளக் கை வைத்தது போல இருக்கும். ஒரு கையைத் தொடையோடும் மற்றதைக் கீழ்க்காலோடும் பொருத்தி, பாகையை வாசித்து எழுதினார். எத்தனையோ பிள்ளைகளுக்குக் கோணம் அளக்கக் காட்டிக்கொடுத்தவள் நான். என் முழங்காலை ஒருவர் கோணமாக அளந்தது அன்றுதான். இடது கால் முழுதாக நிமிர 12 பாகை குறைவு, மடங்குவது 95 பாகை. வலது காலையும் அளந்தார், அது நிமிர 10 பாகை குறைவு.

அடுத்தது கதிரைச் சோதனை. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, 30 செக்கனில் எத்தனை தடவை கதிரையை விட்டு முழுதாக எழும்பி இருக்க முடிகிறது என்று எண்ணுவார். என் வயதுப் பெண்கள் பன்னிரண்டு தடவையாவது எழும்ப வேண்டுமாம். நான் ஆறு.

“மிஸ், எப்படியும் வெட்டி மாத்தத்தானே போறாங்க. நோகிற காலுக்கு இப்பவே ஏன் பயிற்சி?” என்று கேட்டேன்.

“மூட்டைத்தான் டீச்சர் மாத்துவாங்க. தொடைத் தசை உங்கடதான். அத ஆரும் மாத்தித் தர மாட்டாங்க.”

பிறகு விளங்கப்படுத்தினார். ஒப்பரேஷன் முடிந்ததும் நோவாலும் வீக்கத்தாலும் தொடையின் முன்பக்கத் தசைக்கு மூளையின் கட்டளை சரியாகப் போகாது. முதல் மாதத்தில் அந்தத் தசையின் பலம் பாதிக்கு மேல் குறைந்துவிடும். “பத்து வைச்சிருக்கிறவருக்கு நாலாவது மிஞ்சும் டீச்சர். நாலு வைச்சிருக்கிறவருக்கு எவ்வளவு மிஞ்சும் எண்டு நீங்களே கணக்குப் பாருங்க.” 2021இல் என்னிடம் அந்த நாலும் இருந்திருக்காது. அதோடு தலையணையும் சேர்ந்துகொண்டது.

தந்த பயிற்சிகள் பார்க்கச் சின்னவை. கட்டிலில் காலை நீட்டி, துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து, அதை நசுக்குவது போல அழுத்த வேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடிக்க வேண்டும், பத்துத் தடவை, காலை பகல் இரவு. மிஸ் தன் இரண்டு விரலை முழங்கால் சில்லுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக வைத்துப் பார்ப்பார். முதல் நாள் அந்த இடம் ரொட்டிக்குக் குழைத்த மா போல ஆடாமல் கிடந்தது. நான் பல்லைக் கடித்து அழுத்துகிறேன், பின்பக்கம் கட்டிலை விட்டு எழும்புகிறது, அந்தச் சதை மட்டும் அசையவில்லை. “முழுக்காலாலயும் தள்ள வேணாம் டீச்சர். என்ட விரலுக்குக் கீழ மட்டும் இறுக்குங்க.” மூன்றாம் கிழமை ஒருநாள் வீட்டில் என் விரலையே வைத்துப் பார்த்தேன். உள்ளே கயிறு இழுபடுவது போல ஒரு இறுக்கம் வந்து, ஐந்து எண்ணும் வரை நின்று, பிறகு தளர்ந்தது. கணவரைக் குசினியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினேன்.

துவாயை வைத்து அழுத்தியதும் எடுத்துவிட வேண்டும். ஓய்வாகப் படுக்கும்போது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே வைக்கக் கூடாது. வேண்டுமென்றால் குதிக்காலுக்குக் கீழே வைத்து முழங்காலைத் தொங்க விடலாம். இதை அவர் நான்கு தடவை சொன்னார். என் தலையணைக் கதையைக் கேட்ட பிறகு ஐந்தாம் தடவையும் சொன்னார்.

மற்றவை: நீட்டிய காலை மடக்காமல் ஒரு சாண் உயர்த்துவது, குதிக்காலைக் கட்டிலில் இழுத்து மடக்குவது, பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, கதிரையின் கைப்பிடியை ஊன்றிக் கைப்பலத்தால் உடம்பைத் தூக்குவது. கடைசியாகச் சொன்னது வோக்கரைப் பிடிக்கத் தேவைப்படும். ஆழமாக மூச்செடுத்துப் பிடித்து இருமப் பழகுவதும் இருந்தது. படுக்கையில் கிடக்கும் நாட்களில் சளி கட்டாமல் இருக்க அது உதவுமாம். இவற்றைவிட எனக்குப் பிரயோசனப்பட்டது ஒப்பரேஷனுக்கு முன்னமே வோக்கரோடு நடந்து பழகியதுதான். நோவில்லாத மூளையோடு பழகியதை நோவோடு செய்வது சுலபம். படிக்கும் அப்படித்தான்: ஏறுவதற்கு நல்ல கால், இறங்குவதற்கு நோகிற கால். பொல்லை நோகிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். 2021இல் நான் நான்கு மாதமும் பொல்லைப் பிழையான கையில்தான் பிடித்திருக்கிறேன்.

இடையில் இரண்டு சங்கதி. மார்கழி மழைக்கு அந்த ஒழுங்கையில் முழங்காலளவு தண்ணி நின்றது. ஒரு கிழமை போக முடியவில்லை. மிஸ் வட்ஸ்அப் வீடியோவில் வந்து, என் கணவரைக் கொண்டு போனைப் பிடிக்கச் செய்து, எண்ணி எண்ணிச் செய்வித்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. மற்றது, இரத்தத்தில் சீனி கூடியிருந்தபடியால் ஒப்பரேஷன் திகதி இரண்டு கிழமை தள்ளிப் போனது. நான் மனம் உடைந்து போனேன். மிஸ், “நல்லதாப் போச்சு, உங்களுக்கு இன்னும் ரெண்டு கிழமை கிடைச்சிருக்கு” என்று கதிரைப் பயிற்சியைக் கூட்டினார். பின்னேரம் அரை மணித்தியால நடையும், இரவில் சோற்றைக் குறைத்து மீனைக் கூட்டியதும் சீனியை இறக்கின. ஒப்பரேஷனுக்கு முந்திய கிழமை கதிரையில் பத்துத் தடவை எழும்பினேன்.

திகதிக்கு நான்கு நாள் முன்னால் வீட்டைப் பார்க்க வந்தார். இதை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. வாசலில் கிடந்த கால் மிதியை எடுக்கச் சொன்னார். டீவி வயரைச் சுவரோடு ஒட்டச் சொன்னார். என் கட்டில் பதிவாக இருக்கிறதென்று நான்கு காலுக்கும் பலகைக் கட்டை வைத்து உயர்த்தச் சொன்னார், ஆடாமல் இருக்கிறதா என்று தானே ஏறி இருந்து பார்த்தார். குளியலறைக்குள் வோக்கர் நுழையுமா என்று சாணால் அளந்தார். நுழையவில்லை. கதவைக் கழற்றித் திரைச்சீலை போட்டோம். கொமட் பக்கத்தில் ஒரு பிடி பூட்டினோம். இதெல்லாம் வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்திருந்தால் என் கணவர் தனியாளாக என்ன செய்திருப்பார்?

ஒப்பரேஷன் நடந்த மற்ற நாளே வோக்கரைப் பிடித்து எழும்பினேன். மூன்றாம் நாள் நானே கழிப்பறைக்குப் போனேன், ஒருவர் பக்கத்தில் நிற்க. வலது காலுக்கு அது எட்டாம் நாள். வாட்டில் நேர்ஸ் மிஸ் ஒருவர், “அம்மாவுக்கு ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டார்.

நோவு இல்லை என்று நான் எழுத மாட்டேன். முதல் பத்து நாள் நல்ல நோவு, இரவில் இன்னும் கூட. டொக்டர் எழுதித் தந்த நோக் குளிசையைப் பயிற்சிக்கு அரை மணித்தியாலம் முன் போட வேண்டும், முடிந்ததும் ஐஸ் வைக்க வேண்டும். ஐஸைத் தண்ணி கசியாத பையில் கட்டித் துவாயில் சுற்றி, காயம் நனையாமல் கால் மணித்தியாலம். பக்கத்து வீட்டு அக்கா அன்பாகப் பரிகாரியாரின் எண்ணெயும் ஒத்தடமும் கொண்டு வந்தார். மிஸ் அவவிடமே பதமாகச் சொன்னார்: புதுக்காயத்துக்குச் சூடும் எண்ணெயும் கூடாது, தையல் ஆறட்டும், பிறகு பார்ப்பம் என்று.

வீட்டுக்கு மூன்று கிழமை, கிழமைக்கு இரண்டு நாள் வந்தார். மூன்றாம் தடவை வந்தபோது நடந்தது இது. பயிற்சி தொடங்குமுன் வழமை போல இரண்டு கெண்டைக்காலையும் பிடித்துப் பார்த்தார். இடதில் சற்று நின்றார். நூல் நாடாவை எடுத்து இரண்டையும் சுற்றி அளந்தார். பிறகு நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, “இண்டைக்குப் பயிற்சி இல்ல டீச்சர். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, இரத்தம் கட்டியிருக்கா எண்டு ஸ்கான் பண்ணிப் பார்க்கட்டும்” என்றார். என்ன எழுத வேண்டுமோ அதை ஒரு துண்டில் எழுதித் தந்தார். ஸ்கானில் ஒன்றுமில்லை, கடவுள் புண்ணியம். அன்றைய காசை எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. கெண்டைக்கால் வீங்கி, சூடாகி, தொட்டால் நோகிறதென்றால் பிசியோவுக்குப் போன் எடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும், திடீரென்று மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது என்றும் என் கணவரிடம் சொல்லி வைத்துவிட்டுப் போனார். எந்த இடத்தில் தன் வேலையை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஆள். நான் அவரில் முழு நம்பிக்கை வைத்தது அன்றைக்கு.

முதல் தடவை வீட்டில் அளந்தபோது மடக்கம் 70 பாகை. இரண்டு கிழமையில் 92, ஆறு கிழமையில் 112, இப்போது 120. நிமிர்வது ஆறாம் கிழமையிலேயே முழுதாக வந்துவிட்டது. பொல்லை விட்டது வலது காலுக்கு நான்கு மாதத்தில், இடது காலுக்கு ஏழு கிழமையில். ஏழாம் கிழமை முடிவில் ஒரு விடியப்புறம் பழைய கல்லடிப் பாலத்தில் கணவரோடு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தேன். நடுவில் இரண்டு தடவை நின்றேன், வாவியில் தோணிக்காரர் வலை இழுத்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவும் முன்பயிற்சியால் மட்டும் வந்தது என்று சொல்வது நேர்மையில்லை. இரண்டாம் தடவை என்பதால் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மிஸ்ஸும் அதைச் சொன்னார்: முன்பயிற்சியின் பலன் முதல் சில மாதங்களில்தான் கூடத் தெரியும், ஒரு வருடம் போனால் செய்தவரும் செய்யாதவரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வரலாம் என்றுதான் ஆய்வுகளில் வருகிறதாம். இருக்கட்டும். அந்த முதல் மாதங்களில்தான் என்னைக் குளிக்க வார்க்க ஆளில்லை, சமைக்க ஆளில்லை. அந்த மாதங்கள் சுலபமானதே எனக்குக் காணும்.

குறைகளும் உண்டு. வாசலில் மூன்று படி. முழங்கால் நோவோடு வருகிறவர்கள் ஏறும் படிக்குப் பிடியே இல்லை. முதல் நாள் கணவரின் தோளைப் பிடித்து ஏறினேன். மிஸ்ஸிடம் நேரே சொன்னேன். இரண்டு கிழமையில் இரும்புக் குழாய் ஒன்று பூட்டியிருந்தார், ஆனால் ஒரு பக்கம் மட்டும்தான். தந்த நேரத்துக்குக் கூப்பிடுவதில்லை, அரை மணித்தியாலமாவது காத்திருக்க வேண்டும். ஒருவரோடு நின்று செய்விக்கிறவர் என்றால் பிந்தத்தான் செய்யும், விளங்குகிறது. ஆனால் வெளியில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைதான், அதுவும் பதிந்தவை. பயிற்சித் தாளில் படங்களைக் கையால் வரைந்து தமிழில் நல்ல விளக்கம் எழுதியிருக்கிறார், ஆனால் போட்டோப் பிரதி மங்கல். என் கண்ணுக்குத் தெரியாமல் திரும்பப் பெரிதாக எழுதி எடுத்தேன். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் வெறும் திரைச்சீலை என்பதால் மற்றவரின் கதையெல்லாம் காதில் விழும். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் பெண்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. காத்தான்குடியிலிருந்து வரும் தங்கச்சிமார் அந்த நேரத்தில்தான் வருகிறார்கள், எனக்கும் அதுதான் வசதி.

காசு: அப்போது முதல் நாள் 2,500 ரூபா, பிறகு அறையில் 1,500, வீட்டுக்கு வந்தால் 3,000. முன்னால் முதல் நாளோடு சேர்த்து ஏழு தடவை அறையில், வீடு பார்த்தது ஒரு தடவை, பின்னால் காசு வாங்காத அந்த நாள் போக வீட்டில் ஐந்து, அறையில் பத்து. எல்லாமாக 44,500 ரூபா. ஓய்வூதியக்காரிக்கு இது சின்னக் காசில்லை. இரண்டு தவணையாகத் தரலாம் என்று அவரே சொன்னார். பயிற்சி சரியாக வந்ததும், “இனி மாசத்துக்கு ஒருக்கா வந்தாப் போதும்” என்று தானே குறைத்தார்.

வைகாசியில் எங்கள் கண்ணகை அம்மன் சடங்கு. அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திச் சடங்குக்கு மணலில் சம்மணம் கட்டி இருப்பதுதான் சின்ன வயதிலிருந்து பழக்கம். மாற்றிய முழங்காலோடு நிலத்தில் சம்மணம் வேண்டாம் என்று டொக்டரும் மிஸ்ஸும் சொல்லியிருந்தார்கள். அது எனக்கு மனவருத்தம்தான், இப்போதும். கதிரை ஒன்றைக் கொண்டுபோய்க் கரையில் போட்டு இருந்தேன். குளிர்த்திப் பாட்டு முடிந்து எல்லோரும் எழும்பியபோது நானும் கையை ஊன்றாமல் எழும்பினேன். பின்னால் இருந்த மச்சாள் தூக்கிவிட என்று கையை நீட்டினவ, அப்படியே வைத்துக்கொண்டு என் காலைப் பார்த்தா.

இப்போது மாதம் ஒரு தடவை போகிறேன், இடது காலுக்காக இல்லை. மூன்று வருடமாக இறுகிக் கிடந்த வலது காலை மிஸ் கையிலெடுத்திருக்கிறார். புதுக்கால் போல வராது, ஆனால் கொஞ்சம் இளகும் என்று முதலே சொல்லிவிட்டார். நிமிர 10 பாகை குறைந்திருந்தது போன தடவை அளந்தபோது 6. அடுத்த செவ்வாய் மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்.